சென்னைக்குக் குடிவருபவர்களுக்கு: மெட்ரோ வாட்டரோடு பழகுவது எப்படி?

சென்னையில் வீடு பார்க்கிறவர்கள் வாடகை, அட்வான்ஸ், கார் நிறுத்த இடம் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். தண்ணீர் என்று வந்தால் மட்டும் ஒரே கேள்வி: "தண்ணிப் பிரச்சினை இல்லையே?" அதற்குப் பதிலும் ஒன்றுதான்: "இருபத்து நாலு மணி நேரமும் வரும் சார்." இது பொய்யில்லை. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குளியலறைக்கு எந்நேரமும் வரும். அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, வராவிட்டால் யாரைக் கேட்பது என்பதுதான் விஷயம். இதைக் குடிவந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டால் ஏப்ரல், மே மாதங்களில் அலைய வேண்டியிருக்காது.

ஊரார் 'மெட்ரோ வாட்டர்' என்று சொல்வது சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியத்தை. 1978-ல் தனிச் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். தலைமை அலுவலகம் சிந்தாதிரிப்பேட்டையில், பம்பிங் ஸ்டேஷன் சாலையில் இருக்கிறது. குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் இரண்டும் இவர்கள் பொறுப்பு. பெயரில் மெட்ரோ இருப்பதால் மெட்ரோ ரயிலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு நிறுவனம்.

முதலில், உங்கள் வீடு யாருடைய எல்லையில் இருக்கிறது?

'சென்னை' என்று முகவரியில் இருப்பதாலேயே மெட்ரோ வாட்டர் வந்துவிடாது. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அந்த எல்லைக்குள் இருந்தால் நீங்கள் மெட்ரோ வாட்டரின் ஆள். தாம்பரமும் ஆவடியும் தனி மாநகராட்சிகள், அங்கே குடிநீர்ப் புகாரை அந்தந்த மாநகராட்சியில்தான் கொடுக்க வேண்டும். ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் வருகிறவர்கள் இன்னும் உஷாராகப் பார்க்க வேண்டும். சோழிங்கநல்லூர் மாநகராட்சிக்குள் வரும். அதைத் தாண்டி நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் எல்லாம் ஊராட்சிகள். இருபது மாடி அடுக்ககம், நீச்சல் குளம், ஜிம் எல்லாம் இருக்கும், வாசலில் மட்டும் தனியார் லாரி நிற்கும்.

சுலபமான சோதனை ஒன்று: வீட்டுச் சொத்து வரி ரசீதை வாங்கிப் பாருங்கள். பெருநகர சென்னை மாநகராட்சி என்று போட்டு மண்டலமும் வார்டும் இருந்தால் மேற்கொண்டு படியுங்கள். மாநகராட்சிக்குள்ளேயே கூட, 2011-ல் சேர்ந்த பகுதிகளில் எல்லாத் தெருவுக்கும் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் இன்னும் போய்ச் சேரவில்லை, வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே "ஏரியாவில் மெட்ரோ வாட்டர் இருக்கா?" என்று கேட்காதீர்கள். "இந்தத் தெருவில், இந்தக் கட்டடத்துக்கு இணைப்பு இருக்கா?" என்று கேளுங்கள்.

வீட்டில் எத்தனை தண்ணீர்?

சென்னை வீட்டில் பொதுவாக மூன்று நான்கு தண்ணீர் புழங்கும். குழாயில் வரும் மெட்ரோ தண்ணீர். போர் தண்ணீர். பற்றாக்குறைக்கு லாரித் தண்ணீர். குடிக்க இருபது லிட்டர் கேன். எது எந்தத் தொட்டிக்குப் போகிறது என்று வீட்டுக்காரரைக் கூட்டிப் போய்க் காட்டச் சொல்லுங்கள். நல்ல கட்டடத்தில் மெட்ரோ தண்ணீருக்குத் தனிச் சம்ப்பும் (தரைக்கடித் தொட்டி), சமையலறைக்குத் தனிக் குழாயும் இருக்கும். பல இடங்களில் மெட்ரோவும் போரும் ஒரே சம்ப்பில் விழும். அப்படியானால் நீங்கள் குடிப்பது கலவைத் தண்ணீர்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆர்ஓ மெஷின் வாங்குவது வீண் செலவு. மெட்ரோ தண்ணீர் பெரும்பாலும் ஏரித் தண்ணீர். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை ஆகிய ஏரிகளிலிருந்து வருகிறது. ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து கிருஷ்ணா நீர் பூண்டிக்கு வந்து சேர்கிறது. கடலூர் மாவட்டத்து வீராணத்திலிருந்து, கொள்ளிடத்தில் பிரிந்த காவிரி நீர், 2004 முதல் சுமார் 235 கிலோமீட்டர் குழாயில் வருகிறது. இதோடு மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்கின்றன. மீஞ்சூர் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், நெம்மேலியில் முதல் ஆலை 10 கோடி, 2024-ல் திறந்த இரண்டாவது ஆலை 15 கோடி. இந்தத் தண்ணீரில் உப்பு குறைவு. தனி மெட்ரோ குழாய் இருக்கிற வீட்டில் நல்ல வடிகட்டியும் கொதிக்க வைப்பதும் போதும். போர் தண்ணீரைக் குடித்தே ஆக வேண்டும் என்றால் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவை, அளந்து பார்த்துவிட்டு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் நிறையப் போனால் ஆர்ஓ பற்றி யோசிக்கலாம். வீட்டு ஆர்ஓ மெஷின் குடிக்கத் தருவதைவிடச் சாக்கடைக்குத் தள்ளுகிற தண்ணீர்தான் அதிகம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து வில்லிவாக்கத்தில் இறக்கிய ஊரில் அது உறுத்தத்தான் செய்யும்.

டெப்போவும் சிஎம்சி எண்ணும்

மெட்ரோ வாட்டருக்கு மாநகராட்சி மண்டலத்துக்கு ஒத்தாற்போல் பகுதி அலுவலகங்கள் உண்டு. அதற்குக் கீழே வார்டுக்கு ஒன்றாக டெப்போ. வெளியே பலகையில் 'பணிமனை' என்று எழுதியிருக்கும். தெருவில் எதுவாக இருந்தாலும், வால்வு திறப்பதிலிருந்து அடைப்பு எடுப்பது வரை, கடைசியில் டெப்போ ஆட்கள்தான் வர வேண்டும். ஆகவே உங்கள் டெப்போ எது, அது எங்கே இருக்கிறது, அங்கே பொறுப்பிலுள்ள பொறியாளர் யார் என்பதை ஒரு முறை நேரில் போய்ப் பார்த்துக்கொண்டு வந்துவிடுங்கள். பெரும்பாலான டெப்போக்கள் நடந்து போகிற தூரத்திலேயே, ஏதாவது மேல்நிலைத் தொட்டிக்கு அடியிலோ கழிவுநீரேற்று நிலையத்துக்குப் பக்கத்திலோ இருக்கும். காலை எட்டு மணிக்குப் போனால் ஆட்கள் வேலைக்குக் கிளம்புமுன் பிடிக்கலாம்.

அடுத்தது சிஎம்சி எண். ஒவ்வொரு இணைப்புக்கும் வாரியம் கொடுத்திருக்கும் நுகர்வோர் எண் இது. வரி கட்டவும், லாரி பதிவு செய்யவும், பெயர் மாற்றவும் எல்லாவற்றுக்கும் இதைத்தான் கேட்பார்கள். வாடகைக்கு வருகிறவர்கள் ஒப்பந்தம் போடும்போதே இதை எழுதி வாங்கிவிடுங்கள். வீடு வாங்குகிறவர்களானால் இணையதளத்தில் இந்த எண்ணைப் போட்டு நிலுவை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பத்திரப் பதிவுக்குப் போங்கள். முன்னவர் வைத்த பாக்கி வீட்டோடு சேர்ந்தே வரும்.

பணம் இரண்டு வகை. குடிநீர் மற்றும் கழிவுநீர் வரி என்பது கட்டடத்துக்கானது. மாநகராட்சி நிர்ணயித்த ஆண்டு மதிப்பில் 7 சதவீதம். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று அரையாண்டுக்கு ஒரு முறை கட்ட வேண்டும். சொத்து வரியை மாநகராட்சிக்குக் கட்டிவிட்டதால் இதுவும் முடிந்தது என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது தனி, இது தனி. கட்டணம் என்பது இணைப்புக்கானது. மீட்டர் இல்லாத வீடுகளுக்குக் குடியிருப்பு ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரே தொகை, வணிக இடங்களுக்கு மீட்டர் கணக்கு. இணையதளம், செயலி, யூபிஐ என்று கைபேசியிலேயே கட்டிவிடலாம். வரியை வீட்டுக்காரர் கட்டுவதும், மாதக் கட்டணத்தை வாடகைக்காரரிடம் அல்லது பராமரிப்புத் தொகையில் வாங்குவதும் வழக்கம். எதுவானாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும்.

புது இணைப்பு வேண்டுமென்றால் சொத்து வரி ரசீது, பத்திர நகல், கட்டட அனுமதி, அடையாள அட்டை ஆகியவற்றோடு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஒரே விஷயம், இடைத்தரகர் கையில் கொடுக்காதீர்கள். தெருவைத் தோண்டுவதும் மூடுவதும் கணக்கில் வருகிற செலவு. ரசீது இல்லாமல் நடந்த இணைப்பு பின்னால் 'அனுமதியற்ற இணைப்பு' என்ற பெயரில் வந்து நிற்கும்.

தண்ணீர் விடும் நேரம்

பெரும்பாலான தெருக்களில் தண்ணீர் நாள் முழுக்க வராது. தினமுமோ ஒரு நாள் விட்டு ஒரு நாளோ, சில மணி நேரம் விடுவார்கள், அதுவும் பல இடங்களில் விடிவதற்கு முன். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் மாதிரி பழைய பேட்டைகளில் குழாய் தரைக்குக் கீழே தாழ்வாக இருப்பதால் வாசலில் அடி பம்பு போட்டிருப்பார்கள். ஐந்து மணிக்கு 'கிரீச் கிரீச்' என்று கேட்டால் யாரோ இரும்பைப் பழுது பார்க்கிறார்கள் என்று எண்ண வேண்டாம், தெருவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

உங்கள் தெருவின் நேரத்தைக் கீழ்த்தளத்து வீட்டில் கேளுங்கள், வாட்ச்மேனைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பிறகு சம்ப்பின் கொள்ளளவைக் கணக்குப் போடுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கான அரசு அளவுகோல். எட்டு வீடு, வீட்டுக்கு நான்கு பேர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் என்றால் சம்ப்பு சுமார் 8,600 லிட்டராவது பிடிக்க வேண்டும். அதற்குக் குறைவானால் மீதியைப் போரோ லாரியோதான் நிரப்பும். சம்ப்பையும் மேல்தொட்டியையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழுவ வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள், பெரும்பாலோர் செய்வதில்லை. சம்ப்பு மூடி தெருமட்டத்துக்குக் கீழே இருந்தால் மழைக்காலத்துக்கு முன்பு அதை ஓரடியாவது உயர்த்தச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பக்கத்து வீட்டாரைப் பார்த்துப் பழகாதீர்கள்: மெட்ரோ லைனில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது. அது சட்டப்படி தவறு, மாட்டினால் மோட்டாரும் போகும், இணைப்பும் போகும். அதைவிட முக்கியம், உறிஞ்சும் மோட்டார் தண்ணீரை மட்டும் இழுப்பதில்லை. எப்படி என்று பார்க்கலாம்.

தண்ணீரில் வாடை வந்தால்

தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் காலியாகக் கிடக்கும். அதே தெருவில், சில சமயம் அதற்கு ஓரிரு அடி தள்ளி, சாக்கடைக் குழாய் போகும். இரண்டிலும் ஏதோவோரிடத்தில் விரிசல் இருந்து, சுற்றியுள்ள மண் ஊறியிருந்தால், காலிக் குழாய்க்குள் அந்த ஊறல் இறங்கும். மேலே யாராவது மோட்டார் போட்டு இழுத்தால் இன்னும் வேகமாக இறங்கும். தண்ணீர் விட்டதும் முதலில் வருவது அதுதான்.

ஆகவே சந்தேகம் வந்தால் இப்படிச் செய்யுங்கள். தண்ணீர் விட்டவுடன், சம்ப்புக்குள் விழும் முன்பாக, வாசல் குழாயில் ஒரு கண்ணாடித் தம்ளர் பிடியுங்கள். பத்து நிமிடம் கழித்து இன்னொரு தம்ளர். இரண்டையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். முதல் தம்ளர் பழுப்பாகவும் இரண்டாவது தெளிவாகவும் குளோரின் வாடையோடும் இருந்தால் பெரும்பாலும் குழாய்த் துருதான், சிறிது நேரம் வெளியே விட்டுவிட்டு அப்புறம் சம்ப்புக்குத் திருப்பலாம். இரண்டிலும் சாக்கடை வாடை இருந்து, குளோரின் வாடையே இல்லாவிட்டால் அந்தத் தண்ணீரைச் சம்ப்புக்குள் விடவே விடாதீர்கள். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அழுக்கு கலந்தால் முதலில் காணாமல் போவது அந்தக் குளோரின்தான்.

பிறகு இரண்டு பக்கத்து வீடுகளிலும் எதிர் வீட்டிலும் போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டில் மட்டும்தான் என்றால் தெருக் குழாயிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் இணைப்புக் குழாயில் கோளாறு. வரிசையாக நாலைந்து வீட்டில் என்றால் தெருக் குழாயில். இதைச் சொல்லிப் புகார் கொடுத்தால் டெப்போ ஆட்கள் எங்கே தோண்டுவது என்று தேட வேண்டியதில்லை. ஆய்வகச் சான்று வேண்டும் என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தண்ணீர்ப் பரிசோதனைப் பிரிவு உண்டு. கிருமிப் பரிசோதனைக்கு வீட்டுப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போக முடியாது, முறையான பாட்டிலை முதலில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

புகார் கொடுப்பது

எண்கள் இரண்டு: 044-4567 4567, கட்டணமில்லா எண் 1916. இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். செயலியிலும் இணையதளத்திலும் கொடுக்கலாம். எப்படிக் கொடுத்தாலும் புகார் எண் வாங்காமல் விடாதீர்கள்.

முகவரியை வெறும் தெருப் பெயரோடு நிறுத்தாதீர்கள். பாரதியார் தெருவும் காந்தி தெருவும் இல்லாத பேட்டை சென்னையில் ஏது? வார்டு எண், குறுக்குத் தெரு, பக்கத்து மின்கம்பத்தின் எண் எல்லாம் சொல்லுங்கள். ஒரு புகாருக்கு ஒரு விஷயம். "தண்ணியும் வரல, சாக்கடையும் வழியுது" என்று ஒன்றாகச் சொன்னால் ஒன்றைச் சரிசெய்துவிட்டு இரண்டையும் முடித்துவிடுவார்கள். தெருவில் பத்து வீட்டுக்கும் ஒரே பிரச்சினை என்றால் பத்துப் பேரும் தனித்தனியாகப் புகார் கொடுப்பது நல்லது. வாட்ஸ்அப் குழுவில் நூறு பேர் கோபப்படுவதற்கும் மெட்ரோ வாட்டருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சாக்கடையா, மழைநீர் வடிகாலா?

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். தெருவில் இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. சாலை நடுவே வட்ட மூடியோடு இருப்பது பாதாளச் சாக்கடை, மெட்ரோ வாட்டருடையது. சாலை ஓரத்தில் நடைபாதைக்குக் கீழே ஓடுவது மழைநீர் வடிகால், மாநகராட்சியுடையது. மழைநீர் தேங்கினால் மாநகராட்சியின் 1913-க்கு அடியுங்கள். சாக்கடை வழிந்தால் 1916. மாற்றிச் சொன்னால் ஒருவர் இன்னொருவர் பக்கம் கைகாட்டுவார், இரண்டு நாள் போய்விடும்.

கழிப்பறைத் தண்ணீர் மேலே ஏறி வருகிறதென்றால், வீட்டு எல்லைக்குள் இருக்கும் கடைசிச் சேம்பர் மூடியை எடுத்துப் பாருங்கள். அது நிரம்பி, தெரு மூடியும் நிரம்பி நின்றால் அடைப்பு தெருவில் இருக்கிறது, டெப்போ வேலை. ஜெட்டிங் லாரியோ தூர்வாரும் இயந்திரமோ அனுப்புவார்கள். சேம்பர் நிரம்பித் தெருவில் ஓட்டம் சரியாக இருந்தால் அடைப்பு உங்கள் பக்கம். துணி, நாப்கின், டயபர், சமையல் எண்ணெய், மொட்டை மாடி மழைநீரைச் சாக்கடையில் விட்ட குழாய் என்று காரணம் நம் வீட்டிலேயே கிடைக்கும். அந்தக் கடைசிக் காரணத்தை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. மழை பெய்யும்போதெல்லாம் தெருவில் சாக்கடை பொங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாதாளச் சாக்கடை வராத தெருவில் செப்டிக் டேங்க் இருக்கும். நிரம்பினால் 14420-ஐ அழைக்கலாம். தனியார் லாரியைக் கூப்பிட்டால் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஓர் ஆளைத் தொட்டிக்குள் இறக்க விடாதீர்கள். "அஞ்சு நிமிஷ வேலை சார்" என்று அவரே சொன்னாலும் விடாதீர்கள். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி அப்படி இறக்குபவருக்கு முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. உச்ச நீதிமன்றம் 2023-ல் சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. தொட்டிக்குள் இருக்கும் வாயு மூச்சு விடும் நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குகிற இரண்டாவது ஆளும் அதிலேயே போவார். அக்கம்பக்கத்தில் இது நடப்பதைப் பார்த்தால் நிறுத்துங்கள், 'நமக்கேன்' என்று போகாதீர்கள்.

லாரி

மெட்ரோ வாட்டர் லாரியை 'டயல் ஃபார் வாட்டர்' திட்டத்தில் இணையத்திலோ செயலியிலோ பதிவு செய்யலாம். பல கொள்ளளவுகளில் கிடைக்கும். பதிவு செய்யுமுன் இரண்டை அளந்துகொள்ளுங்கள்: சம்ப்பில் எவ்வளவு இடம் இருக்கிறது, தெருமுனையில் லாரி திரும்புமா. ஆறாயிரம் பிடிக்கும் சம்ப்புக்கு ஒன்பதாயிரம் வாங்கினால் மூவாயிரம் தெருவில் போகும். தனியார் லாரித் தண்ணீர் பெரும்பாலும் புறநகர்க் கிணறுகளிலிருந்து வருவது, அதைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்ளாதீர்கள். கோடையில் விலை ஏறும், சொன்ன நேரத்துக்கு வராது.

குழாய் போகாத தெருக்களில் வாரியம் சின்டெக்ஸ் தொட்டி வைத்து லாரியில் நிரப்பும். அது இலவசம், வாடகைக்காரரும் பிடிக்கலாம். தொட்டி காலியாகவே கிடக்கிறது என்றால் அதுவும் 1916 புகார்தான்.

மழையைப் பிடிப்பது

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமாக்கப்பட்டது. சென்னையில் அநேகமாக எல்லாக் கட்டடத்திலும் அதற்கான குழாய் இருக்கும். அது வேலை செய்கிறதா என்பது வேறு. மொட்டை மாடியிலிருந்து இறங்கும் குழாயைப் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். சில கட்டடங்களில் அது ஒரு குழிக்கு மேல் போய் நிற்கும், குழி ஜல்லியும் மண்ணுமாக அடைந்து செம்பருத்திச் செடி வளர்ந்திருக்கும்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் ஆண்டு சராசரி மழை 1,400 மில்லிமீட்டர் அளவில். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஆண்டுக்கு சுமார் 1,30,000 லிட்டர் விழுகிறது. கொஞ்சம் வீணானாலும் ஒரு லட்சம் நிற்கும். ஒன்பதாயிரம் லிட்டர் லாரிக் கணக்கில் பதினோரு லாரி.

எப்படி உள்ளே விடுவது என்பது மண்ணைப் பொறுத்தது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோர மணலில் சாதாரணக் குழியே போதும். களிமண் உள்ள பகுதிகளில் சிறு குழி பயன்படாது, களிமண்ணைத் தாண்டி இறங்கும் உறைக்கிணறு வேண்டும். பழைய கிணறு இருக்கிற வீடானால் அதை மூடிவிடாதீர்கள், வடிகட்டி வைத்து மழைநீரை அதிலேயே விடுவதைவிட நல்ல வழி இல்லை. இதையெல்லாம் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மந்தைவெளியில் 'மழை இல்லம்' இருக்கிறது. மழைநீர் சேகரிப்பு ஆர்வலர் சேகர் ராகவன் 2002-ல் தொடங்கிய இடம் அது. மாதிரிகள் வைத்து விளக்குவார்கள், உங்கள் கட்டடத்துக்கு எது பொருந்தும் என்றும் சொல்வார்கள். புதிதாகப் போர் போடுவதானால் 1987-ம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டப்படி மெட்ரோ வாட்டரின் அனுமதி வாங்க வேண்டும். ரிக் வண்டிக்காரர் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றால் நம்பாதீர்கள்.

இந்த வேலைகளுக்கு நாள் குறித்துக்கொள்ளலாம்: செப்டம்பருக்குள் மொட்டை மாடி, குழாய், குழி மூன்றும் சுத்தமாகிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பித்துவிடும்.

கூட்டத்துக்குப் போங்கள்

மேலே சொன்னதெல்லாம் தனி ஆளாகச் செய்யக்கூடியவை. தெருக் குழாய் மாற்றுவது, அழுத்தம் போதாத தெருவுக்குத் தனி வால்வு வைப்பது, சாக்கடையே இல்லாத இடத்துக்குச் சாக்கடை கொண்டுவருவது ஆகியவை தொலைபேசிப் புகாரில் தீராது. அதற்குக் கூட்டம் இருக்கிறது.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை, காலை 10 மணி முதல் பகல் 1 மணி வரை, எல்லாப் பகுதி அலுவலகங்களிலும் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். மேற்பார்வைப் பொறியாளர் அளவிலுள்ளவர் வந்து உட்காருவார். குடிநீர், கழிவுநீர், வரி, கட்டணம், புது இணைப்பு எது பற்றியும் பேசலாம். முன் அனுமதி வேண்டாம். இவ்வளவு வசதியிருந்தும் பெரும்பாலான புதியவர்களுக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் சனிக்கிழமை காலை தூக்கத்தை விட்டுக்கொடுப்பதில்லை.

போகும்போது பழைய புகார் எண்களைத் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஐந்து புகார், ஐந்து முறை 'சரிசெய்யப்பட்டது', ஆறாவது முறையும் அதே இடத்தில் வழிகிறது என்று வரிசையாக இருந்தால் கூச்சல் போட வேண்டிய அவசியமே இருக்காது. தெருவின் கையால் வரைந்த படம் ஒன்று: எந்த வீட்டில் தண்ணீர் வருகிறது, எதில் வரவில்லை, எந்த மூடி பொங்குகிறது. இரண்டு மூன்று வீட்டுக்காரர்களாகச் சேர்ந்து போங்கள், அதில் ஒருவர் அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த பெரியம்மாவாக இருந்தால் இன்னும் நல்லது. எந்த வருடம் எந்தக் குழாய் போட்டார்கள் என்பது கோப்பில் இல்லாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொரு வழி பகுதி சபை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கத் தொடங்கின. கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி இது நகரத்துக்கு. கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு இருக்கும். கூட்ட அறிவிப்பு எப்போது வரும் என்று கவுன்சிலர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், பல நேரம் அறிவிப்பு ஒரு சுவரோடு நின்றுவிடும். நலச்சங்கம் இருக்கிற தெருவானால் அதில் சேர்ந்துகொள்ளுங்கள். சென்னையில் 1989-ல் தொடங்கிய எக்ஸ்னோரா என்ற குடிமக்கள் அமைப்பின் காலத்திலிருந்தே குப்பை, சாக்கடை, மழைநீர் விஷயங்களில் தெருச் சங்கங்கள் வேலை செய்து பழகிய ஊர் இது. வாடகைக்காரர்களுக்குச் சங்கத்தில் ஓட்டு இல்லாமல் இருக்கலாம், வாய் இருக்கிறது. பகுதி சபையில் அந்தப் பகுதி வாக்காளராக இருந்தால் போதும், சொந்த வீடு வேண்டியதில்லை. ஆகவே குடிவந்ததும் வாக்காளர் அட்டையில் முகவரியை மாற்றிவிடுங்கள்.

எந்தக் கூட்டமானாலும் மனுவை இரண்டு நகலாக எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரையும் கையொப்பமும் வாங்கிக்கொண்டு வாருங்கள். அடுத்த மாத இரண்டாவது சனிக்கிழமை அதே தாளோடு போக வேண்டியிருக்கும்.